பட்டணத்துக்கு மூத்த ஊர்

சென்னையின் வயதைக் கேட்டால் 1639இல் பிறந்தது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆகஸ்டு வந்தால் பாரம்பரிய நடை, பழைய புகைப்படக் கண்காட்சி என்று நகரம் தன் பிறந்தநாளைக் கொண்டாடும். கோட்டை கட்ட ஆங்கிலேயர் ஒரு மணல்திட்டைக் கேட்டு வாங்கியதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அங்கிருந்து இரண்டு மணி நேர நடைத் தூரத்தில் கருங்கல் விமானமும் மடமும் தேவாரமுமாக ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு இந்தக் கொண்டாட்டத்தில் இடமில்லை.

திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது 2011இல். அதுவரை அது தனி நகராட்சி. பக்கத்துக் கத்திவாக்கமும் மணலியும் அப்படித்தான். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவொற்றியூரின் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டரை லட்சம். விரிவடைந்த மாநகராட்சி வடக்கிலிருந்து எண் போட்டதால் திருவொற்றியூர் மண்டலம் 1 ஆனது. மண்டலக் கணக்கு இங்கே தொடங்குகிறது. செலவுக் கணக்கும் இங்கேதான் தொடங்குகிறதா என்று தெருக்களைப் பார்ப்பவர்கள் சொல்லட்டும்.

ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ள வரைபடம் வேண்டியதில்லை. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் ஒரு பட்டை நிலம். அந்தப் பட்டைக்குள் நெடுஞ்சாலை, ரயில் பாதை, கோயில், குப்பங்கள், ஆலைகள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. தெற்கே தண்டையார்பேட்டை, ராயபுரம் வழியாகத் துறைமுகம். வடக்கே கத்திவாக்கம் தாண்டி எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலை ஆறு அங்கே கடலில் சேர்கிறது. கால்வாய்க்கு அப்பால் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும். பழைய சென்னைக்காரர்களுக்கு டோல்கேட்டோடு பட்டணம் முடிந்துவிடும். அதற்கு வடக்கே இருப்பதெல்லாம் பட்டணத்துக்கு வேண்டியதைச் செய்து கொடுக்கும் இடம், பட்டணத்துக்கு வேண்டாததை வாங்கிக்கொள்ளும் இடம்.

சக்கரப்பாடிச் செக்கும் சங்கிலியின் சத்தியமும்

தியாகராஜ சுவாமி கோயிலை வெறும் வழிபாட்டுத் தலமாகப் பார்ப்பவர்கள் பாதிக் கோயிலைத்தான் பார்க்கிறார்கள். மூலவர் ஆதிபுரீசுவரரின் கருவறைமேல் நிற்கும் விமானம் பின்பக்கம் வளைந்த தூங்கானை மாடம். படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் இருக்கும். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் சதுரானன பண்டிதர் கட்டச் சொல்ல, வீரசோழத் தச்சன் என்ற பட்டம் பெற்ற இரவி என்பவர் கருங்கல்லில் எழுப்பியது என்று கல்வெட்டு சொல்கிறது. கட்டிய தச்சனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த கோயில்கள் நம்மிடம் அதிகமில்லை. தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வண்டி கட்டுகிறவர்கள் மெட்ரோவில் வந்து இதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

சதுரானன பண்டிதர் என்பது ஒருவர் பெயரல்ல, மடத்துத் தலைவர்கள் வழிவழியாகத் தாங்கிய பெயர். முதலாமவர் கதையைத் திரைப்படமாக யாரும் இன்னும் எடுக்கவில்லை என்பது ஆச்சரியம். வல்லபன் என்ற கேரளத்துக்காரர், சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணையாக இருந்தவர். 949இல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் மாண்டான். தலைவனோடு களத்தில் சாகக் கொடுத்துவைக்காத வல்லபன் வாளைத் துறந்து, கங்கைக்குப் போய், கடைசியில் திருவொற்றியூர் வந்து துறவியானார். இதைச் சொல்லும் கல்வெட்டு எந்த அரசனின் ஆட்சியாண்டைக் குறிக்கிறது தெரியுமா? தக்கோலத்தில் சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடையதை. தோற்றவனின் தோழன் கதையை வென்றவன் ஆண்டுக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் இந்தக் கோயிலின் வியாக்கரண தான மண்டபத்தில் பாணினியின் இலக்கணம் கற்பிக்கப்பட்டது.

தேவார மூவரும் பாடிய தலம் இது. அவர்களில் சுந்தரர் இங்கே மாட்டிக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். சங்கிலியாரை மணக்கப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். கருவறையில் சத்தியம் செய்யும்போது ஈசன் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று முன்னேற்பாடாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டார் சுந்தரர். ஈசனோ சங்கிலியார் பக்கத்துக்குச் செய்தியைக் கசியவிட்டார். சத்தியம் மகிழ மரத்தடியில்தான் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். வசந்தகாலத்தில் திருவாரூர் நினைவு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பறிபோனது. ஊன்றுகோல் கிடைத்தது திருவெண்பாக்கத்தில். அந்தத் தலம் இருந்த இடம் பின்னாளில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய், கோயிலை வேறிடத்தில் எழுப்பினார்கள். பூண்டியில் தேக்கப்படுவதும் எண்ணூரில் கடல் சேரும் அதே கொசஸ்தலை ஆறுதான். மாசித் திருவிழாவின் மகிழடி சேவையில் இன்றும் சுந்தரர், சங்கிலியார் திருமணம் நடக்கிறது. பெண் வீட்டார் பக்கம் நின்று பார்ப்பதுதான் நியாயம்.

ஊரின் சொந்த நாயனார் இன்னொருவர். கலியர், சக்கரப்பாடித் தெருவின் செக்கார்; கோயிலுக்கு விளக்கேற்ற எண்ணெய் கொடுத்தவர். செல்வம் கரைந்து எண்ணெய் வாங்க வழியில்லாத நாளில் தன் ரத்தத்தையே விளக்கில் வார்க்கத் துணிந்தார் என்பது பெரியபுராணக் கதை. எண்ணெயும் உழைப்பாளியின் உடம்பும் இந்த ஊர் வரலாற்றில் ஒன்றாகவே வந்துகொண்டிருக்கின்றன.

பட்டினத்தார் அடங்கியதும் இங்கேதான். கடலோரத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஏழுகிணறு வீட்டிலிருந்து வள்ளலார் நடந்து வந்து வடிவுடையம்மனைப் பாடினார். வீணை குப்பய்யர் அழைப்பில் வந்த திருவையாற்றுத் தியாகராஜர் திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் செய்தார். கச்சேரி மேடைகளில் அவை திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம். கடலும் தோப்பும் மௌனமும் தேடி ஆட்கள் வந்த ஊர் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

மணல் எங்கே போனது?

கம்பெனிக்காரர்கள் கைக்குத் திருவொற்றியூர் போனது 1708இல். நவாப் தாவூத்கான் கொடுத்த ஐந்து கிராமங்களில் இதுவும் ஒன்று. நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு மற்றவை. சில ஆண்டுகளில் ஆளுநர் ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றினார். காலெட்பேட்டை ஊர் வாயில் காலடிப்பேட்டை ஆனது. மெட்ரோ நிலையப் பலகையிலும் அதுவே. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அவர் ஆதரவில் எழுந்ததாகச் சொல்வார்கள். 1806 வாக்கில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே விறகும் உப்பும் ஏற்றி வர ஒரு கால்வாய் வெட்டினார்கள். பக்கிங்காம் கால்வாயின் முதல் துண்டு அதுதான்.

பிறகு ரயில். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. தூண்கள் நிற்கும் அந்த நிலையக் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1873இல் சென்ட்ரல் வந்ததும் ராயபுரத்தின் பவுசு குறைந்தது. ராயபுரத்துக்கு வேறு பெருமைகளும் உண்டு. படகுக்காரர்கள் கட்டிய புனித இராயப்பர் ஆலயம், 1910இல் எழுந்த பார்சிகளின் அக்னி கோயில், 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை எழுதலாம். இங்கே நமக்கு முக்கியம் துறைமுகம்.

நம் கிழக்குக் கடற்கரையில் அலையோடு மணல் நடக்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டதும் அந்த நடை நின்றது. தெற்குப் பக்கம் மணல் குவிந்தது. வடக்குப் பக்கம் வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வழக்கம்போல் வந்து, இருந்ததையும் அள்ளிக்கொண்டு போனது. தெற்கே குவிந்த மணல்தான் மெரினாவை அகலப்படுத்தியது. நாம் சுண்டல் தின்று காற்று வாங்கும் அந்தப் பரந்த மணல்வெளியில் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் சேர வேண்டிய பங்கு இருக்கிறது.

அந்தப் பங்கை வடக்கு மக்கள் தெருக்களாகக் கொடுத்தார்கள். வீடுகளையும் கோயில்களையும் வலை உலர்த்திய இடத்தையும் கடல் கொண்டது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் கடற்கரை என்று பார்க்கக் கிடைப்பது கருங்கல் குவியல். இடையிடையே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள் கொஞ்சம் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு வளைவுக்குத் தெற்கே மணல் சேரும், அதன் வடக்கே அரிக்கும்; அதைத் தடுக்க இன்னொரு வளைவு. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் துறைமுகம் ஆரம்பித்து வைத்த கணக்கை ஊர் ஊராக வடக்கே தள்ளிக்கொண்டே போகிறோம்.

பலூன் கொட்டகை

துறைமுகம், ரயில், விலை குறைந்த மணல் நிலம், கழிவை விடக் கடலும் கால்வாயும். ஆலை முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? விம்கோ தீப்பெட்டி ஆலை முன்பே வந்துவிட்டது. சுதந்திரத்தை ஒட்டி வந்தவை வரிசை கட்டி வந்தன.

1946இல் கே.எம். மாமன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். பலூனிலிருந்து ரப்பர் பொம்மை, கையுறை, பழைய டயருக்கு மேல்பட்டை என்று வளர்ந்து, 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து டயரே செய்தது அந்தக் கொட்டகை. மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப். 2023 ஜூனில் ஒரு பங்கின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய முதல் இந்திய நிறுவனம். சச்சின் மட்டையில் ஒட்டியிருந்த அந்த மூன்றெழுத்து திருவொற்றியூர்ச் சரக்கு என்பது உள்ளூர்ப் பையன்களுக்கே பல நேரம் மறந்துவிடும்.

1948இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார். 1955இல் அது அசோக் லேலண்டு ஆகி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் மாறியது. அதே 1955இல் இந்திய ராணுவத்துக்கு புல்லட் செய்ய என்ஃபீல்டு இந்தியா உருவானது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. 1977 முதல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இவற்றோடு கார்போரண்டம், கே.சி.பி., பாரி உர ஆலை. அறுபதுகளின் கடைசியில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை.

இந்த ஆலைகளைப் பற்றிச் சொல்லும்போது புகையை மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு. ஒரு தலைமுறைக்கு இவை சோறு போட்டன. லேலண்டில் பர்மனெண்ட் என்றால் பெண் கொடுக்கப் போட்டி. ஷிப்டு சங்கு ஊதினால் தெரு முழுக்கச் சைக்கிள். சம்பளத்தில் பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள், காலடிப்பேட்டையில் வீடு கட்டினார்கள். சங்கம் வலுவாக இருந்தது. போனஸ் பேச்சுவார்த்தை ஊர்ச் செய்தியாக இருந்தது. வடசென்னை என்றதும் கத்தியும் ரத்தமும் காட்டும் சினிமாக்காரர்கள் இந்த ஷிப்டு வாழ்க்கையை எடுப்பதே இல்லை. குத்துச்சண்டைப் பரம்பரைகளைக் காட்டிய ‘சார்பட்டா பரம்பரை’ போன்ற சில படங்கள்தான் கொஞ்சம் வேறு மாதிரி.

இப்போதைய நிலை என்ன? புல்லட்டின் பெரும்பகுதி உற்பத்தி ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. விம்கோ, ஐ.டி.சி.யோடு இணைந்துவிட்டது, பெயர் ரயில் நிலையத்திலும் மெட்ரோவிலும் மிஞ்சியிருக்கிறது. எம்.ஆர்.எஃப்.பும் லேலண்டும் நடக்கின்றன. ஆனால் இரண்டு நிறுவனங்களின் வளர்ச்சியும் பல பத்தாண்டுகளாக வேறு ஊர்களில், வேறு மாநிலங்களில். புதிதாக வடக்கே வந்தவை எவை? அனல்மின் நிலையம், நிலக்கரி இறக்கும் துறைமுகம், எரிவாயுக் கிடங்கு, கண்டெய்னர் யார்டு. ஆயிரம் ஏக்கரும் ஒரு ஆற்றையும் கேட்பவை, ஆட்களை அதிகம் கேட்காதவை. கேட்கிற கொஞ்ச ஆட்களையும் காண்ட்ராக்டில், வடமாநிலங்களிலிருந்து கூட்டி வருகிறார்கள். ஆலை வந்ததால் ஊர் கெட்டது என்று சொல்வது பாதி உண்மை. ஆள் வைத்த ஆலை போய், ஆள் வைக்காத ஆலை வந்ததால் கெட்டது என்பதுதான் என் கட்சி.

கழிமுகத்தின் கணக்கு

இதைக் கண்ணால் பார்க்க எண்ணூருக்குப் போக வேண்டும். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சேரும் இடம். வடக்கே பழவேற்காடு வரை நீளும் உப்பங்கழியின் தென்முனை. இங்கே இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் கிடைத்தன. இருளர்கள் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஊர்களுக்கு ஆறுதான் வயல்.

450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 வாக்கில் ஓடத் தொடங்கி 2017 மார்ச்சில் நின்றது. அதற்குள் ஆற்றின் அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரின் 1,500 மெகாவாட் நிலையமும் வந்துவிட்டன. 2001இல் நிலக்கரிக்கென்றே எண்ணூர்த் துறைமுகம் திறந்தார்கள். இப்போது காமராஜர் துறைமுகம். நிலக்கரி எரிந்தால் சாம்பல். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகினால் சேருமிடம் ஆறு. ஆற்றின் அடி மேடானது, படகு தட்டுகிறது. வலையில் மீனைவிடச் சாம்பல் சேறு அதிகம் வருகிறது என்று மீனவர்கள் வழக்கு மன்றம் வரை போனார்கள். கழிமுகத்தைக் காட்டிய 1996ஆம் ஆண்டு வரைபடத்துக்கும் பின்னால் வந்த வரைபடத்துக்கும் நடுவே ஆறே காணாமல் போனதாகச் சூழலியலாளர்கள் புகார் சொன்னார்கள். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா இந்தக் கழிமுகத்தில் நின்று ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ பாடி வெளியிட்டார். பாட்டு எழுதியவர் கபேர் வாசுகி. மியூசிக் அகாடமிப் பக்கம் மட்டும் சுற்றிய காதுகளுக்கு எண்ணூர் என்றொரு இடம் இருப்பது அப்போது தெரிந்தது.

அதே மாதக் கடைசியில், 28ஆம் தேதி, துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெய்யை ஆட்கள் வாளியில் அள்ளிய படங்கள் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. வீட்டுச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மறுபடி வாளி, மறுபடி மீனவர்களே கூலி. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். சுற்றுக் குப்பங்கள் மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தன.

மழைக்காலத்தில் இது எண்ணூர்க்காரர் பிரச்சினை மட்டுமில்லை. புழல் உபரியும் கொசஸ்தலை வெள்ளமும் வெளியேற இருக்கும் வாய் இந்தக் கழிமுகம்தான். வாயை அடைத்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்குத் திரும்பும் என்று மணலியில் கேட்டால் சொல்வார்கள்.

வந்தவர்கள், வளர்ந்தவர்கள்

இந்தப் பட்டை நிலம் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. குப்பத்து மீனவர்கள், காலடிப்பேட்டை நெசவாளர்கள், ஆலை வேலைக்கு வடாற்காட்டிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள், தெலுங்கு பேசும் குடும்பங்கள். 1962க்குப் பிறகு நே வின் ஆட்சியில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்கும் எண்ணூரில் இடம் கிடைத்தது; பர்மா நகர் என்ற பெயர் அவர்களுடையது. அவர்கள் கொண்டுவந்த அத்தோ இன்று வடசென்னைத் தள்ளுவண்டிகளின் சொந்தச் சரக்கு.

விளையாட்டு இல்லாமல் இந்த ஊர்களைப் பற்றி எழுதவே முடியாது. தெருமுனை கேரம் போர்டிலிருந்து புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காஜிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். குத்துச்சண்டையும் கால்பந்தும் இங்கே பொழுதுபோக்கு என்பதைவிடக் குடும்பச் சொத்து.

அண்மையில் நல்லதும் சில நடந்திருக்கின்றன. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. 2025இல் திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் திறக்கப்பட்டது. காசிமேட்டில் படகு கட்ட இடமில்லாமல் திண்டாடியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பல ஆண்டுகளில் இந்தக் கடலோரத்துக்கு, இங்கிருப்பவர்கள் தொழிலுக்கென்றே கட்டப்பட்ட பெரிய கட்டுமானம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பார்க்க வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஞாயிறு விடிவதற்குள் காசிமேட்டில் இருங்கள். வெயில் ஏறினால் நல்ல வஞ்சிரம் போய்விடும். அங்கிருந்து ராயபுரம் நிலையம் பக்கம்தான். திருவொற்றியூர்க் கோயிலுக்குத் தேரடி நிலையத்தில் இறங்கலாம்; பட்டினத்தார் சமாதி கடற்கரைப் பக்கம். வெள்ளிக்கிழமைப் பௌர்ணமியில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூன்றையும் ஒரே நாளில் பார்க்கும் கூட்டம் பெரிது. ஆதிபுரீசுவரரைக் கவசமில்லாமல் காண ஆண்டில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள்தான் வாய்ப்பு. வரிசை நீளமாக இருக்கும். எப்போது வந்தாலும் மெட்ரோவில் வாருங்கள். துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே பைக்கில் புகுந்து வரும் வித்தை உள்ளூர்க்காரர்களுக்கே கைவந்ததில்லை. விரைவுச் சாலையில் அவர்கள் இழந்த உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல.